ஒரு கவுன்சிலர், ஒரு வாக்கு, ஓர் அரசு: அயர்லாந்து அரசியலின் ஏணி எப்படி வேலை செய்கிறது?

1982 ஜனவரி 27 அன்று அயர்லாந்தில் ஓர் அரசு கவிழ்ந்தது. உடனடிக் காரணம், குழந்தைகளின் காலணி. நிதியமைச்சர் ஜான் புரூட்டன் கொண்டுவந்த பட்ஜெட், துணிமணிக்கும் காலணிக்கும் மதிப்புக் கூட்டு வரி விதித்தது. குழந்தைகளுக்காவது விலக்கு கொடுங்கள் என்று கேட்டவர்களுக்குப் பிரதமர் காரட் ஃபிட்ஸ்ஜெரல்ட் தரப்பு ஒரு விசித்திரமான பதிலை வைத்திருந்தது: சிறிய பாதம் கொண்ட பெண்கள் குழந்தைகளின் காலணியை வாங்கி வரியிலிருந்து தப்பித்துவிடுவார்களாம். வாக்கெடுப்பில் 82க்கு 81 என்று ஒரே வாக்கில் அரசு தோற்றது.

பிப்ரவரி 18இல் தேர்தல் நடந்தது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. டப்ளின் நகரின் மத்தியத் தொகுதியில் அந்த முறை புதிதாக வென்றவர்களில் ஒருவர் டோனி கிரெகரி. வயது 34, பள்ளி ஆசிரியர், எந்தக் கட்சியையும் சேராதவர். அதற்கு முன் அவர் வகித்த மக்கள் பதவி ஒன்றே ஒன்றுதான்: 1979இல் வென்ற டப்ளின் மாநகராட்சி உறுப்பினர் பதவி. தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் நாட்டின் இரண்டு பெரிய கட்சித் தலைவர்களும் அவரிடம் ஆதரவு கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கவுன்சிலர் இந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பது புரிந்தால், அயர்லாந்து அரசியலில் பாதி புரிந்துவிடும். அங்கே உள்ளாட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே உள்ள உறவு நமக்குப் பழக்கமானது அல்ல. கிரெகரியின் வாழ்க்கையை வைத்தே அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன்: இங்கே பேசுவது டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசைப் பற்றி. பெல்ஃபாஸ்ட் உள்ள வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதன் அரசியல் தனிக்கதை.

ஒற்றை அறையில் தொடங்கிய வாழ்க்கை

கிரெகரி பிறந்தது 1947 டிசம்பரில், டப்ளினின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் பாலிபாக் என்ற பகுதியில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மா ஹோட்டலில் உணவு பரிமாறியவர். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். மாநகராட்சியிடம் வீடு கேட்கப் போன அம்மாவிடம், இரண்டு பிள்ளைகள் போதாது, இன்னும் பெற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாக அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. உதவித்தொகை பெற்று நல்ல பள்ளியில் படித்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து ஆசிரியரானார். இளமையில் ஐக்கிய அயர்லாந்து கோரும் குடியரசுவாத அமைப்புகளிலும் இடதுசாரி அமைப்புகளிலும் இருந்தார், ஒவ்வொன்றிலிருந்தும் விலகினார். கடைசியில் தன் வட்டாரத்து மக்கள் இயக்கங்களோடு மட்டும் நின்றுவிட்டார்.

அந்த வட்டாரம் அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. துறைமுகத்தில் சரக்குகள் பெரிய கன்டெய்னர்களில் வந்து இறங்கத் தொடங்கியபின், மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கானோரின் வேலை போயிற்று. பழைய மாடிவீடுகள் இடிந்து விழும் நிலையில் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் ஹெராயின் வந்தது. மாநகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் அதற்கு அடிமையான வீடுகள் இருந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கவுன்சிலர் ஆனால் என்ன செய்ய முடியும்?

அயர்லாந்துக் கவுன்சிலருக்கு என்ன அதிகாரம்?

குறைவு. ஐரோப்பாவிலேயே மிகவும் பலவீனமான உள்ளாட்சிகளில் ஒன்று அயர்லாந்தினுடையது. இன்று நாடு முழுவதும் 31 உள்ளாட்சி மன்றங்கள், 949 கவுன்சிலர்கள். 2014 வரை 80 சிறு நகர மன்றங்களும் இருந்தன. அவற்றை ஒரே சட்டத்தில் கலைத்துவிட்டார்கள். பள்ளி, மருத்துவமனை, போலீஸ் எதுவும் உள்ளாட்சியின் கையில் இல்லை. சாலை, நூலகம், தீயணைப்பு, கட்டட அனுமதி, ஏழைகளுக்கான வாடகை வீடு ஆகியவை உண்டு. குடிநீர்கூட 2014இல் தேசிய நிறுவனத்துக்குப் போய்விட்டது.

இருக்கும் வேலைகளிலும் கவுன்சிலரின் சொல் எல்லாவற்றிலும் செல்லாது. 1929இல் கார்க் நகரில் தொடங்கி, 1942க்குள் நாடு முழுவதும் பரவிய ஒரு முறை அங்கே இருக்கிறது: அன்றாட நிர்வாகம் முழுவதும் நியமன அதிகாரியிடம். அவரை முன்பு மேலாளர் என்றார்கள், இப்போது தலைமை நிர்வாகி என்கிறார்கள். யாருக்கு எந்த வீடு, எந்த ஒப்பந்தம் யாருக்கு, யாரை வேலைக்கு எடுப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. பட்ஜெட்டை ஏற்பது, வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, உள்ளூர் விதிகள் இயற்றுவது ஆகியவை கவுன்சிலர்களுக்கு. சிபாரிசும் ஊழலும் மலிந்திருந்த காலத்தில் அதைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. நோக்கம் நியாயமானது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கெஞ்சும் நிலைக்குத் தள்ளியதும் இதுதான் என்பது என் கருத்து.

பணம் விஷயம் இன்னும் மோசம். 1977 தேர்தலில் ஃபீனா ஃபாயில் கட்சி வீட்டு வரியையே ஒழித்துவிடுவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. பெரும் வெற்றி பெற்று, மறுவருடமே ஒழித்தும் விட்டது. மக்கள் மகிழ்ந்தார்கள். உள்ளாட்சிகளோ தங்களுடைய சொந்த வருமானத்தில் ஒரு முக்கியப் பகுதியை இழந்து, தேசிய அரசு கொடுக்கும் மானியத்தை எதிர்பார்த்து நின்றன. சொத்து வரி ஏதோ ஒரு வடிவில் நிலையாகத் திரும்பி வந்தது 2013இல்தான்.

கிரெகரி மாநகராட்சிக்குள் நுழைந்த ஆண்டு 1979 என்பதை இங்கே நினைவில் வையுங்கள். வீட்டு வரி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தன் பகுதிக்கு வீடு வேண்டும் என்று மன்றத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கட்டுவதற்கான பணம் தேசிய அரசின் கையில் இருந்தது. ஆகவே உள்ளூரில் ஏதாவது உருப்படியாகச் செய்ய நினைத்த கவுன்சிலர், டாயில் என்று அழைக்கப்படும் நாடாளுமன்றக் கீழவைக்குள் போயாக வேண்டும். அங்கே கவுன்சிலர் பதவியை ஏணியாக நினைப்பதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. அமைப்பே அவரை மேலே தள்ளுகிறது.

அவரும் 1981இல் போட்டியிட்டார், தோற்றார். எட்டு மாதத்தில் மறுபடியும் வாய்ப்பு வந்தது.

கட்சியில்லாதவர் எப்படி வெல்கிறார்?

இதற்கு விடை தேர்தல் முறையில் இருக்கிறது. இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது பயன்படும் ஒற்றை மாற்று வாக்கு முறைதான் அயர்லாந்தில் எல்லாத் தேர்தலுக்கும். உள்ளாட்சிக்கும் அதுவே, டாயிலுக்கும் அதுவே. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது அங்கே இல்லை; டாயில் தொகுதி ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு அல்லது ஐந்து இடங்கள். வாக்காளர் தனக்குப் பிடித்தவருக்கு 1 என்று எழுதுகிறார், அடுத்தவருக்கு 2, பிறகு 3. விரும்பும் வரை எண் போட்டுக்கொண்டே போகலாம்.

வெல்வதற்கு ஓர் இலக்கு எண் உண்டு. செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வந்ததோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஐந்து இடங்கள் உள்ள தொகுதியில் 42,000 வாக்குகள் விழுந்தால், ஆறால் வகுத்து 7,000, அதோடு ஒன்று: 7,001. இந்த எண்ணை எட்டியவர் வென்றார். அவரிடம் மிகுதியாக இருக்கும் வாக்குகள் அவரவர் குறித்த அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகளும் பிரித்துக் கொடுக்கப்படும். ஐந்து இடங்களும் நிரம்பும்வரை சுற்றுச் சுற்றாக இது நடக்கும். சில தொகுதிகளில் எண்ணி முடிக்க இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும்.

ஆறில் ஒரு பங்கு வாக்கு போதும் என்பதுதான் இதில் முக்கியம். தொகுதி முழுவதும் முதலிடம் பிடிக்க வேண்டியதில்லை. நாலைந்து வட்டாரங்கள் ஒருவரை உறுதியாக நம்பினால், மற்றவர்களும் இரண்டாவது மூன்றாவது விருப்பமாக அவரைக் குறித்தால், கட்சியே இல்லாமல் நாடாளுமன்றம் போகலாம். அப்போது மிகப் பெரிய கட்சியாக இருந்த ஃபீனா ஃபாயிலுக்கு இது பிடிக்கவில்லை. 1959இலும் 1968இலும் இந்த முறையை ஒழிக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பார்த்தது. மக்கள் இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள்.

வாக்கு எண்ணும் இடத்தின் காட்சி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. காலையில் பெட்டிகளைத் திறந்து வாக்குச்சீட்டுகளை மேசையில் கொட்டி, முகம் மேலே இருக்கும்படி விரித்து அடுக்குவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். கையில் அட்டை, பென்சில். ஒவ்வொரு சீட்டிலும் 1 எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். இவர்களை டாலிமேன் என்பார்கள். தேர்தலில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிய கட்சிகள், அன்று காலை மட்டும் தங்கள் கணக்குகளைப் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பெட்டியும் எந்த வாக்குச்சாவடியிலிருந்து வந்தது என்பது தெரியும் என்பதால், மதியத்துக்குள் எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்ற வரைபடம் அவர்கள் கையில் இருக்கும். அரசு பல கோடி யூரோ செலவழித்து மின்னணு வாக்கு இயந்திரங்களை வாங்கி, 2002இல் மூன்று தொகுதிகளில் சோதித்துப் பார்த்தது. நம்பகத்தன்மை பற்றி எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் கடைசியில் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இன்றும் காகிதமும் பென்சிலும்தான்.

தெருக்கணக்கு தெரிந்துவிட்டால் அரசியல்வாதி என்ன செய்வார்? தெருவுக்குப் போவார். கவுன்சிலரும் சரி, டாயில் உறுப்பினரும் சரி, தொகுதியில் அடிக்கடி மக்களைச் சந்திக்க உட்கார்வார்கள். அதற்குப் பெயர் கிளினிக். சமூகக் கூடம், தேவாலயக் கூடம், சில ஊர்களில் மதுக்கடையின் பின்னறை. வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் என் பெயர் எத்தனையாவது, இலவச மருத்துவத்துக்கான மெடிக்கல் கார்டு ஏன் வரவில்லை, மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று வரிசையில் வருவார்கள். ஒரே தொகுதியில் ஒரே கட்சியிலிருந்து இரண்டு மூன்று பேர் நிற்பதால், கொள்கையில் வித்தியாசம் காட்ட வழியில்லாத சக கட்சிக்காரர்கள்கூட இந்தச் சேவையில்தான் போட்டி போடுகிறார்கள். நாட்டுக்குச் சட்டம் இயற்ற வேண்டியவர்கள் ஊருக்கு எடுபிடி வேலை செய்கிறார்கள் என்று படித்தவர்கள் குறைபடுவதுண்டு. எனக்கு அந்தக் குறை முழுவதும் நியாயமாகப் படவில்லை. அதிகாரி பதில் சொல்லாத இடத்தில் கேட்க ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமல்ல.

அந்த உடன்படிக்கை

இனி 1982க்குத் திரும்பலாம். டாயிலில் அப்போது 166 இடங்கள். ஃபீனா ஃபாயில் 81, ஃபிட்ஸ்ஜெரல்டின் ஃபினே கேல் 63, லேபர் கட்சி 15, இடதுசாரியான ஒர்க்கர்ஸ் கட்சி 3, சுயேச்சைகள் 4. ஃபீனா ஃபாயில் தலைவர் சார்ல்ஸ் ஹாஹிக்கு மூன்று வாக்குகள் குறைந்தன.

கிரெகரி தனியாக முடிவெடுக்கவில்லை. பல வருடங்களாகத் தன்னோடு வேலை செய்த வட்டாரத் தோழர்களை உட்காரவைத்துக் கோரிக்கைகளை எழுதினார். ஃபிட்ஸ்ஜெரல்டும் பேசினார், ஹாஹியும் பேசினார். சம்மர்ஹில்லில் கிரெகரியின் எளிய அலுவலகத்துக்கே ஹாஹி வந்து பேசினார். தனக்கு என்ன வேண்டும் என்று ஹாஹிக்குத் தெரியும், கிரெகரிக்கும் தெரியும், ஆகவே பேச்சு நேராகக் கோரிக்கைக்கு வந்தது.

கோரிக்கைகள் எல்லாம் எண்களாக இருந்தன. தொகுதிக்குள் 440 புது வீடுகள், டப்ளினின் மற்ற பகுதிகளில் 1,600. நகரின் உள்பகுதியில் உடனடியாக 500 பேருக்கு வேலை, அதற்கு 40 லட்சம் பவுண்டு. மூன்று வருடத்தில் 3,746 வேலைகள். கஸ்டம் ஹவுஸ் பகுதியில் துறைமுகக் கழகம் வைத்திருந்த 27 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிக் கிடந்த குளொண்டால்கின் காகித ஆலையை நாட்டுடைமையாக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை அவருடைய தொகுதியே அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வாய்வார்த்தையை அவர் நம்பவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கத்தின் பொதுச்செயலாளர் மைக்கேல் முல்லனைச் சாட்சியாக வைத்தார்கள். மார்ச் 9 அன்று டாயில் கூடியபோது, கழுத்தில் டை கட்டாமல் வந்து நின்ற அந்தப் புது உறுப்பினர் உடன்படிக்கையை அவையிலேயே வாசித்துப் பதிவேட்டில் ஏற்றினார். டை கட்டாதது அப்போது பெரிய பேச்சாயிற்று. கடைசிவரை அவர் கட்டவேயில்லை.

ஹாஹி 86க்கு 79 என்ற கணக்கில் பிரதமரானார். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால், ஒர்க்கர்ஸ் கட்சியின் மூன்று வாக்குகளும் மற்றொரு சுயேச்சை வாக்கும் சேர்ந்தபின், கிரெகரி எதிர்த்து வாக்களித்திருந்தாலும் ஹாஹி வென்றிருப்பார். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நேரத்தில் அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தொங்கு நாடாளுமன்றத்தில் சுயேச்சையின் பலம் முழுவதும் அந்த நிச்சயமின்மையில்தான் இருக்கிறது. முதலில் பேசி முடித்துக்கொண்டவருக்கு லாபம்.

இந்த உடன்படிக்கையைப் பலர் திட்டினார்கள். ஒரு தொகுதிக்காக நாட்டின் கஜானாவைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். வீடு, வேலை, கேட்பாரற்றுக் கிடக்கும் நிலம் என்று அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை, அதிகாரமும் பணமும் உள்ள ஒரு மாநகராட்சி தானே செய்திருக்க வேண்டிய வேலைகள். மன்றத்தில் கேட்டுக் கிடைக்காததைப் பிரதமர் நாற்காலிக்கு விலையாகக் கேட்டார், அவ்வளவுதான். மறைத்துப் பேசவுமில்லை; சொந்தத்துக்காக ஒன்றும் கேட்கவுமில்லை.

உடன்படிக்கையின் ஆயுள் குறைவு. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 82க்கு 80 என்று ஹாஹி அரசு விழுந்தது. எழுதிய எண்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றன. 27 ஏக்கர் நிலத்தின் கதை தனி. 1987இல் மீண்டும் பிரதமரான ஹாஹி, அங்கே சர்வதேச நிதிச் சேவை மையம் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். வங்கிகளும் கண்ணாடிக் கட்டடங்களும் வந்தன. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அங்கே எத்தனை வேலை கிடைத்தது என்ற கேள்வியை கிரெகரி வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் அப்படியோர் உடன்படிக்கை அவருக்கு மறுபடி அமையவில்லை. ஆனாலும் 2009 ஜனவரியில் புற்றுநோயால் இறக்கும்வரை எந்தத் தேர்தலிலும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1986இல் தெருவோர வியாபாரிகளுக்காகப் போராடி, அமைதி காப்பதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்து, இரண்டு வாரம் மவுன்ட்ஜாய் சிறையில் இருந்தார். தள்ளுவண்டிக்குப் பதில் பழைய குழந்தை வண்டியில் பழமும் பூவும் வைத்து விற்ற பெண்களின் போராட்டம் அது. போதைப்பொருள் வியாபாரிகளைப் பிடிக்க முடியாவிட்டால் அவர்கள் பணத்தையாவது பறியுங்கள் என்று டாயிலில் இடைவிடாமல் வற்புறுத்தியவர்களில் அவர் ஒருவர். 1996இல் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் சுட்டுக் கொல்லப்பட்டபின், குற்றவாளிகளின் சொத்தைப் பறிமுதல் செய்யத் தனி அமைப்பு உருவாயிற்று.

ஏணியில் ஏறிய மற்றவர்கள்

அதே டப்ளின் மத்தியத் தொகுதியில் கிரெகரியோடு பல ஆண்டுகள் போட்டியிட்டு வென்றவர் பெர்ட்டி அஹெர்ன். அவர் வழி வேறு. 25 வயதில், 1977இல் டாயில் உறுப்பினர். அதற்குப் பிறகு 1979இல் கவுன்சிலர். 1986இல் ஓராண்டு டப்ளின் மேயர். 1997 முதல் 2008 வரை பிரதமர். மேலே போனபின் கீழேயும் ஓர் இடம் பிடித்து வைத்தார். அந்தக் காலத்தில் ஒருவரே இரண்டு பதவியிலும் இருக்கலாம். பெரும்பாலான டாயில் உறுப்பினர்கள் அப்படித்தான் இருந்தார்கள். போட்டியாளர் யாரும் உள்ளூரில் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ள அது நல்ல வசதி.

2003இல் வந்த சட்டம் அந்த இரட்டைப் பதவியைத் தடைசெய்தது. காலியான கவுன்சிலர் இடத்துக்கு அங்கே இடைத்தேர்தல் கிடையாது. மன்றமே ஒருவரை நியமித்துக்கொள்ளும், வழக்கமாக அது அந்தக் கட்சி சொல்லும் பெயராக இருக்கும். பல இடங்களில் மகன், மகள், தம்பி என்று குடும்பத்தாரே வந்து உட்கார்ந்தார்கள். கெர்ரி மாவட்டத்தின் ஹீலி-ரே குடும்பம் இதற்குப் பேர்போன உதாரணம்: அப்பா டாயிலில் இருந்தார், பிறகு இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள் மாவட்ட மன்றத்தில்.

மும்பையில் பிறந்த மருத்துவரின் மகன் லியோ வரத்கர் 1999இல் உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர். 2003இல் இதே நியமன வழியில் ஃபிங்கல் மன்றத்துக்குள் வந்து, மறுவருடம் தேர்தலில் பெருவாரியான வாக்குகளோடு வென்று, 2007இல் டாயிலுக்கும் 2017இல் பிரதமர் பதவிக்கும் போனார். குடியரசுத் தலைவராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், 2025இல் அவருக்குப் பின் வந்த கேத்தரின் கொனொலி இருவருமே கால்வே நகரத்தின் முன்னாள் மேயர்கள். மேயர் என்றதும் பெரிய அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் கௌரவப் பதவி அது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த, நிர்வாகத்தில் பங்குள்ள முதல் மேயர் 2024 ஜூனில்தான் லிமரிக்கில் பதவியேற்றார்.

மேலவையான ஷானட்டிலும் உள்ளாட்சியின் கை இருக்கிறது. அதன் 60 இடங்களில் 43க்கு வாக்களிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் கவுன்சிலர்கள். ஆகவே மேலவைக்குப் போக ஆசைப்படுபவர் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், நாடெங்கும் உள்ள கவுன்சிலர்களின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

சுயேச்சைகளோடு எழுதிக் கொள்ளும் ஒப்பந்தமும் 1982இல் முடிந்துபோன கதையல்ல. 2024 நவம்பர் 29 தேர்தலில் 174 இடங்களில் ஃபீனா ஃபாயில் 48, ஃபினே கேல் 38 பிடித்தன. பழைய எதிரிகள் இருவரும் சேர்ந்தும் 86. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. சுயேச்சைகள் சிலரோடு பேசி முடித்தார்கள். மைக்கேல் ஹீலி-ரே இணையமைச்சரானார். பிரதமரான மிஹால் மார்ட்டின் கார்க் நகரக் கவுன்சிலராகத் தொடங்கி, அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளில் சிலர், அமைச்சர் பதவி இல்லாததால் தங்களுக்கு எதிர்க்கட்சிகளின் பேச்சு நேரத்தில் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்து அவையை நடக்கவிடாமல் செய்தன. 2025 ஜனவரி 22 அன்று நடக்க வேண்டிய பிரதமர் தேர்வு மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.